கொடிக்காரர் நின்ற இடம்

என் புருஷன் எந்த இடத்தில் நின்றார் என்று கோர்ட்டில் இரண்டு பேர் சொன்னார்கள். அடிபட்டபோது அந்த இரண்டு பேருமே அங்கே இல்லை. நான் இருந்தேன். எனக்குப் பேசக் கொடுத்தது ஐந்து நிமிஷம். அதிலும் பாதியை மொழிபெயர்க்கிற ஆள் தின்றுவிட்டான். அதனால் யாரும் குறுக்கே பேச முடியாத இந்த நோட்டுப் புத்தகத்தில் முழுசாக எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் மலாயாவில் கோப்பெங்குக்கு அந்தப் பக்கம் ரோட்டு வேலை பார்த்தோம். இப்போது ரோடு என்கிறேன், அப்போது எங்கள் வாயில் அது சடக்குதான். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். அப்பாவுக்கு ஈப்போவில் கன்னியாஸ்திரீகள் மடத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்தது. அந்தச் சலுகையில் நாலு வருஷம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தேன். தமிழ் எழுத்து அப்பா வேதபுத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அப்பா செத்ததும் பெஞ்சும் போயிற்று. பதினேழு வயதில் கல்யாணம். அதன் பிறகு கையில் சம்மட்டி.

கல் உடைப்பது பெண்கள் வேலை. உடைத்த கல்லைக் கூடையில் சுமந்து கொட்டுவதும் பெண்கள் வேலை. ஆண்கள் பரப்புவார்கள், தார் காய்ச்சுவார்கள், உருளை இயந்திரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓடுவார்கள். என் புருஷன் தார் ஊற்றுகிற ஆள். இரண்டு கையிலும் முழங்கை வரை கொப்புளத் தழும்பு. ஒன்பதாங்கட்டை, அதாவது ஒன்பதாவது மைல் கல், அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய வளைவு உண்டு. ஒரு பக்கம் ரப்பர் மரம் நிற்கும் மேடு, மறு பக்கம் ஈயச் சுரங்கத்துக் குட்டை. அந்த வளைவை நாங்கள் பதினெட்டுப் பேர் இரண்டு மாதம் கிடந்து புதுசாகப் போட்டோம். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எந்த ஓரத்தில் பொடிக்கல் வந்து சேரும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இது பெருமைக்குச் சொல்வதில்லை. பிறகு நடந்ததற்கு இது வேண்டும்.

எனக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பிடிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நான் என்னவோ ஆரம்பத்திலிருந்தே பந்தயத்தை வெறுத்த புண்ணியவதி மாதிரி ஆகிவிடும். முதல் வருஷம் பந்தயம் நடந்தபோது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியாமல் போனதே என்று முனகிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றவள் நான். ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது பெருகிப் பெருகி மேட்டு மண் காலுக்கடியில் அதிர்ந்தது. வண்டி கண்ணில் பட்டதும் போனதும் ஒன்றுதான். பின்னால் ஒரு வாசனை மட்டும் நின்றது. விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை. அந்த வண்டிகளுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். வயிறு சுத்தம் செய்யக் குடிக்கிற எண்ணெயில் இப்படி ஒரு வேகம் இருக்கிறதா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மத்தியானம் வரை இறங்கி வரவில்லை. அன்றைக்குச் சோறு சமைக்கவில்லை.

அடுத்த பந்தயத்துக்கு முன்னால், அவர்கள் ஓட்டிப் பழகுவதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு எல்லா வண்டியையும் சத்தத்தை வைத்தே அடையாளம் தெரியும். எனக்குப் பிடித்தவன் ஏழாம் நம்பர். பச்சைச் சட்டை போட்ட, ஒல்லியான, ஏதோ தோட்டத்துச் சின்ன துரை. மற்றவர்கள் வளைவுக்கு முன்னாலேயே பயந்து சத்தத்தைக் குறைப்பார்கள். இவன் குறைக்க மாட்டான். உடம்பை வண்டியோடு சாய்த்து, முழங்கால் தரையைத் தொடுகிற மாதிரி போவான். என் புருஷனுக்குப் பிடித்தவன் சுரங்கத்துத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மகன், சிவப்பு வண்டிக்காரன். ஓட்டுகிறவர்களில் வெள்ளைக்காரன் அல்லாதவன் அவன் ஒருத்தன்தான்.

"அவன் நம்ம ஆளு புள்ள."

"அவன் எப்படி நம்ம ஆளு? அவன் அப்பாகிட்ட மோட்டார் காரே நாலு இருக்கு."

"இருக்கட்டுமே. வெள்ளக்காரங்க கிளப்புல அவன உள்ள உட்கார விடமாட்டாங்களாம். பந்தயத்துக்கு மட்டும் சேத்துப்பாங்களாம். அது போதும்லா எனக்கு."

இந்தச் சண்டை கல் உடைக்கும்போதும் நடக்கும், சோறு தின்னும்போதும் நடக்கும்.

அடுத்த வருஷப் பந்தயம் வந்தது. கருவிகள் வைக்கிற கொட்டகைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இங்கிலீஷில் இருந்தது. மற்றவர்களுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை பந்தயம் சுற்றி வருகிற மூன்று சடக்குகளும் மூடியிருக்கும். ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் கட்டிப் போட வேண்டும். யாரும் சடக்கில் கால் வைக்கக் கூடாது. மீறினால் தண்டனை. எங்களுக்கு வேறு சடக்கு கிடையாது. கோயிலுக்கும் அதுதான், மார்க்கெட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். அதைப் போட்டவர்களும் நாங்கள்தான். அன்றைக்கு இதை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. பந்தயம் வருகிறது என்று சந்தோஷம்தான் வந்தது. இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

பந்தயத்துக்கு முந்தின நாள் கிளப்பின் காரியதரிசி துரை காரில் வந்தார். வளைவுகளில் கொடி பிடிக்க ஆள் வேண்டும் என்று எங்கள் மண்டோரிடம் கேட்டார். மண்டோர் என்றால் கூலிக்கூட்டத்துக்குத் தலைவன், தமிழன்தான். என் புருஷன் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். பச்சைக் கொடி என்றால் வழி சுத்தம். சிவப்புக் கொடி என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது, வேகத்தைக் குறை, யாரும் யாரையும் முந்தாதே. அவ்வளவுதான் வேலை. அவருக்கு ஏதோ பட்டம் கட்டின மாதிரி முகம்.

ஒன்பதாங்கட்டை வளைவில் அவர் தானாக மேட்டுப் பக்கம் போய் நின்றார். புத்தியுள்ளவன் அங்கேதான் நிற்பான். காரியதரிசி துரை தலையை ஆட்டினார். கீழே இறங்கச் சொல்லி, குட்டைப் பக்கத்து ஓரத்துக்கு, அதாவது வளைவின் வெளி ஓரத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார். அங்கே நின்றால்தான் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொடி தெரியுமாம். பூட்ஸ் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். மண்டோர் ஓடிப்போய் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்தார். "இந்தக் கல்ல விட்டு நகரக் கூடாது" என்று என் புருஷனுக்குத் தமிழில் சொன்னார்.

துரை காருக்குப் போகும்போது நான் மண்டோரிடம் போனேன்.

"மண்டோரே, அந்த ஓரத்துலதான் பொடிக்கல் எல்லாம் வந்து சேரும். உருளை ஓட்டும்போதே சரிவு அந்தப் பக்கமா வச்சோம். வண்டி சறுக்குனா நேரா அங்கதான் வரும். தொரகிட்ட சொல்லுங்க."

"தொரைக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?"

"சடக்கு போட்டது தொரையா, நானா?"

"போய்க் கூடையத் தூக்கு" என்றார் மண்டோர். துரையிடம் அவர் எதையும் சொல்லவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்தார். எனக்கு அந்தத் துரையிடமே இங்கிலீஷில் சொல்லத் தெரியும். சொல்லியிருக்கலாம். நாலு அடி தூரம்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டில் நல்ல கூட்டம். கம்பத்திலிருந்து, அதாவது பக்கத்துக் கிராமத்திலிருந்து, மலாய்க்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சுரங்கத்துச் சீனக் கூலிகள், தோட்டத்து ஆட்கள், வேகவைத்த கடலை விற்கிற ஒரு கிழவர். கீழே என் புருஷன் துவைத்த சட்டை போட்டு, இரண்டு கொடியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைக் கல்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றார். கல்மேலேயே நிற்கணும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். சொன்ன வேலையை ஒரு பிடி கூடவே செய்வார்.

ஆறு சுற்று. மூன்று சடக்கும் சேர்ந்த ஒரு முக்கோணம், சுற்றிச் சுற்றி வர வேண்டும். முதல் இரண்டு சுற்றில் சிவப்பு வண்டி முன்னால், எனக்குப் பிடித்த ஏழாம் நம்பர் பின்னாலேயே. என் புருஷன் கொடியைப் பிடித்தபடியே தவுக்கே மகனைப் பார்த்துச் சிரித்தது மேட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் சுற்றில் குட்டையிலிருந்து ஓர் எருமை ஏறி வளைவுக்கு அந்தப் பக்கம் சடக்கில் நின்றுவிட்டது. யார் வீட்டு எருமையோ, அது காகிதம் படிக்கவில்லை. என் புருஷன் பார்த்தார். சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் உயரத் தூக்கினார். சிவப்பு வண்டி வந்தது, கொடியைப் பார்த்தது, சத்தம் இறங்கியது, மெதுவாக எருமையைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்த ஏழாம் நம்பர் சத்தத்தைக் குறைக்கவில்லை. முன்னால் போகிறவன் மெதுவாகிறான், முந்த இதுதான் நேரம் என்று அவன் நினைத்தது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், நானும் அதையே நினைத்தேன். "போ, போ, முந்து" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். சிவப்புக் கொடி தூக்கி நிற்பது என் புருஷன் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லை.

வண்டி பொடிக்கல்லில் சறுக்கியது. நான் சொன்ன இடத்தில்தான் சறுக்கியது. நான் சொன்ன பக்கம்தான் போனது. அவர் கொடியைக் கீழே போடவும் இல்லை, நகரவும் இல்லை.

நான் மேட்டிலிருந்து உருண்டு இறங்கினேன். அவர் சடக்கோரத்துத் தண்ணீர் ஓடைக்குள் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. நினைவு இருந்தது. "எருமை போயிருச்சா?" என்று கேட்டார். ஏழாம் நம்பர்க்காரன் பத்தடி தள்ளி எழுந்து நின்றான். கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை எங்களைப் பார்த்தான். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, தள்ளிக்கொண்டு ஓடி, ஏறிப் போய்விட்டான். மேட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். விழுந்தவன் எழுந்து மறுபடி ஓட்டுகிறானே என்று தட்டினார்கள். எங்கள் லயத்து ஆட்களும் தட்டினார்கள். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

வளைவுக்கு ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், நின்றார். மலாய்க்காரர், சின்ன வயசு. அவரிடம் ஓடினேன். கார் வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் என் புருஷனை எட்டிப் பார்த்தார். ஆனால் "ஜாலான் துத்தோப்" என்றார். சடக்கு மூடியிருக்கிறதாம். பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். அப்போது ஒன்பதுகூட ஆகவில்லை. முக்கோணத்தின் ஒரு முனையில் இருந்த முச்சந்தியில் கிளப்புத் துரைமார்களின் கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றரை மைல் தூரம். அங்கே டாக்டர் ஒருத்தரும் இருந்தார். வண்டி ஓட்டுகிறவர்களுக்காக வைத்திருந்த டாக்டர். கொடி பிடிக்கிறவனுக்காக இல்லை.

கொங்சி வீட்டிலிருந்து, அதாவது சுரங்கக் கூலிகள் கூட்டமாகத் தங்கும் கொட்டகையிலிருந்து, இரண்டு சீனர்கள் ஒரு கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களாக வந்தார்கள். என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலைக் கட்டினோம். எங்கள் கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் கூடச் சேர்ந்து நாலு மூலையையும் பிடித்தார்கள். ஓடையோரமாகத் தூக்கிக்கொண்டு பத்தடி போனதும் கதவு சாய்ந்தது. அவர் அலறினார். மேட்டில் மரவேர், ஓரத்தில் ஓடை. தூக்கிக்கொண்டு போக அந்தச் சடக்கைத் தவிர வேறு வழி இல்லை.

கீழே சிவப்புக் கொடி கிடந்தது. எடுத்தேன்.

"சடக்குல எறங்குங்க" என்றேன் தூக்கி வந்தவர்களிடம். "நான் முன்னால போறேன்."

சின்ன மாத்தா ஓடி வந்து கையை விரித்து நின்றார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். என்னைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. வண்டிகள் வருகிற திசைக்கு எதிராக, சடக்குக்கு நட்ட நடுவில், கொடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தேன். பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. நான் உடைத்த கல், நான் சுமந்த கல், இதன்மேல் நடக்க யாரிடம் கேட்க வேண்டும்?

முதலில் வந்தது சிவப்பு வண்டி. சத்தத்திலேயே தெரிந்தது. நான் விலகவில்லை. அவன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். வண்டி அப்படியும் இப்படியும் ஆடி, எனக்கு ஏழெட்டு அடி முன்னால் நின்றது. அவன் தோல் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சீனத்தில் என்னைத் திட்டினான். அர்த்தம் தெரியாது, ஆனால் திட்டுதான். அப்புறம் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தான். திட்டை நிறுத்தினான். வண்டியைச் சடக்குக்குக் குறுக்கே திருப்பிப் போட்டான். பின்னால் வந்த ஒவ்வொருத்தனும் நிற்க வேண்டியதாயிற்று. பந்தயம் அத்தோடு நின்றது. ஏழாம் நம்பரும் வந்து நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடிக்கம்பால் அடித்திருப்பேன்.

முச்சந்தியில் காரியதரிசி துரை என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "யார் உன்னை ரோட்டில் விட்டது?"

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். காலை வெட்டவில்லை. ஆனால் மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. நினைவு தெளிந்த நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியை எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

"பந்தயம் என்னாச்சு?"

"நான் நிறுத்திட்டேன்."

"எத்தனாவது சுத்துல?"

"நாலாவது."

"யாரு முன்னால இருந்தா?"

"ஒங்க தவுக்கே மகன்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் ரெண்டு சுத்து. ஜெயிச்சிருப்பான்லா" என்றார். கட்டில் பக்கத்தில் இருந்த தகரக் குவளையை எடுத்துச் சுவரில் அடித்தேன். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள்.

ஏழாம் நம்பர்க்காரனும் ஒரு நாள் வந்தான். பிஸ்கட் டின் ஒன்று கொண்டுவந்தான். தோட்டத்தில் வேலை பார்க்கிற துரைமார் தமிழ் படித்துப் பரீட்சை எழுத வேண்டும், அதனால் அவனுக்குத் தமிழ் வரும். கூலிகளை வேலை வாங்குகிற தமிழ். என் புருஷன் மருந்து மயக்கத்தில் தூங்கினார். நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கொடியப் பாத்தீங்களா, இல்லையா?"

அவன் டின்னைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். "பாத்தேன்" என்றான். "நிக்கணும்னு தெரியும். முந்தலாம்னு நெனச்சேன்."

அந்தத் தமிழில் மழுப்ப அவனுக்கு வார்த்தை இல்லை. டின்னைத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன்.

பிறகு விசாரணை. கிளப்பு கேட்டுக்கொண்டதால் நடந்தது, எங்களுக்காக இல்லை. பந்தயத்தை நடுவில் நிறுத்திய கூலிப் பெண்ணை என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம். காரியதரிசி துரை எழுந்து, கொடிக்காரனை மேட்டில் நிற்கச் சொன்னேன், அவன் சொன்ன பேச்சைக் கேட்காமல் கீழே இறங்கி நின்றான் என்றார். மண்டோர் எழுந்து, மேடும் இல்லை ஓரமும் இல்லை, கொடிக்காரனுக்கு இஷ்டமான இடத்தில் நிற்க விட்டோம் என்றார். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வெள்ளைக் கல் திங்கட்கிழமை காலையிலேயே காணாமல் போயிருந்தது. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே மண்டோர் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தார். துரை எடுக்கச் சொன்னாரா என்று தெரியாது. சொல்லாமலே எடுக்கிற ஆள்தான் அவர்.

என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கிறவர் நம் ஆள், வெள்ளைக் கோட்டு, கழுத்துப் பட்டி. "வெள்ளக் கல்லு வச்ச எடத்துல நின்னாரு. அந்த எடத்தத் தொரதான் பூட்ஸ் காலால தட்டிக் காட்டுனாரு" என்றேன். அவர் மாஜிஸ்திரேட்டிடம் இங்கிலீஷில் சொன்னது: கொடிக்காரன் ஏதோ ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்றதாக இவள் சொல்கிறாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வாயில் இங்கிலீஷ் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் சொன்னது தப்பு, நான் அப்படிச் சொல்லவில்லை, கல்லுக்குப் பக்கத்தில் இல்லை, கல்லின்மேல், அந்த இடத்தைக் காட்டியது அங்கே உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் என்று. கையையும் நீட்டிக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளரின் முகம் கறுத்தது. மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, "எங்கே இங்கிலீஷ் படித்தாய்?" என்று கேட்டார். என் புருஷனின் காலைவிட அது அவருக்கு அதிசயமாக இருந்தது.

"அவரைக் கேளுங்கள்" என்றேன்.

காரியதரிசி துரையைக் கேட்டார். அவர் யோசித்தார். "இருக்கலாம். எனக்கு ஞாபகமில்லை" என்றார். அதை எழுதிக்கொண்டார்கள்.

"ஏழாம் நம்பரையும் கேளுங்கள். கொடியைப் பார்த்ததாக என்னிடம் சொன்னார்."

அவன் மூன்றாவது வரிசையில் இருந்தான். எழுந்து நின்றான். எனக்குத் தெரியும், இல்லை என்று சொல்லப் போகிறான். அவன் "ஆமாம், பார்த்தேன். நின்றிருக்க வேண்டும்" என்றான். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஏனென்றால் அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. உண்மை வெளியே வந்துவிட்டால் காரியம் நடக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். வந்தது. எல்லாரும் கேட்டார்கள். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். விளையாட்டில் நேர்ந்த துரதிர்ஷ்டம், யார்மேலும் குற்றமில்லை, மூடிய சடக்கில் இறங்கிய பெண்ணை இந்தத் தடவை எச்சரித்து விடுகிறோம் என்று படித்தார். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எல்லாரும் எழுந்தார்கள். சாப்பாட்டு நேரம்.

வெளியே மண்டோர் என்னிடம் வந்தார். "நீ ஏன்மா இங்கிலீசெல்லாம் பேசி... நாளைக்கு நமக்குத்தானே கஷ்டம்" என்றார். நமக்கு என்றார். நான் காறித் துப்பினேன். அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

ரோட்டு வேலை இரண்டு பேருக்கும் போயிற்று. ஈப்போவுக்கு வந்தோம். சைக்கிள் கடை ஒன்றில் உட்கார்ந்தபடியே சக்கரக் கம்பி முறுக்குகிற வேலை அவருக்குக் கிடைத்தது. அதற்குக் கால் வேண்டாம். நான் நாலு வீட்டில் துணி துவைத்தேன். அடுத்த பந்தயத்துக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள் என்று கடைக்கு வந்த யாரோ சொல்லி அவர்தான் வந்து என்னிடம் சொன்னார். முகத்தில் பழைய வெளிச்சம்.

பந்தயத்துக்கு முன்னால் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் பஸ் ஏறிப் போனேன். அந்த மூன்று சடக்கிலும் வேலை பார்க்கிற ரோட்டுக் கூலிகள் இருக்கிற லயம் ஒன்று விடாமல் நடந்தேன். தமிழர் லயம், மலாய்க் கம்பம், கதவு கொடுத்த அந்தக் கொங்சி வீடும் சேர்த்து. எல்லா இடத்திலும் ஒரே பேச்சுத்தான். "கொடி பிடிக்கக் கூப்புடுவாங்க. போகாதீங்க. போனா எங்க நிக்கச் சொன்னாங்கன்னு அப்புறம் அவங்களுக்கு ஞாபகம் இருக்காது." சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் நாயை அவிழ்த்து விட்டார். எங்கள் பழைய கூட்டத்துப் பெண்கள் மட்டும் முழுசாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவரவர் வீட்டு ஆண்களிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. பந்தயத்துக்கு முந்தின நாள் மண்டோர் ஆள் கேட்டபோது ஒரு கைகூட எழவில்லையாம்.

பந்தயத்தன்று கொடி பிடித்தவர்கள் கிளப்புத் துரைமார்களே. வெள்ளைக் கால்சட்டை, தொப்பி. ஒன்பதாங்கட்டை வளைவில் நின்றது காரியதரிசி துரை. மேட்டுப் பக்கம் நின்றார். இன்னும் நாலடி மேலே, ஒரு ரப்பர் மரத்தை ஒட்டி. அங்கிருந்தும் கொடி நன்றாகத்தான் தெரிந்தது.

ஆமாம், நானும் போயிருந்தேன். கோலை ஊன்றிக்கொண்டு என் புருஷன் வர, பாதித் தூரம் அவரைத் தாங்கிக்கொண்டு நானே கூட்டிப் போனேன். ஏழாம் நம்பர் ஊருக்குத் திரும்பிவிட்டானாம், அவன் இல்லை. சத்தம் வந்ததும் என் உடம்பு பழையபடி சிலிர்த்தது. அதற்காக என்மேலேயே எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் எது எந்த வண்டி என்று தெரிந்தது.

கடைசிச் சுற்று முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ரப்பர் மரங்களுக்குள் ஒதுங்கி ஒதுங்கி பஸ்சுக்கு நடந்தோம். அவர் கோல் அடிக்கடி சேற்றில் இறங்கியது.

"கடைசியாப் போனது யார் வண்டி? சிவப்பா? ஒனக்குச் சத்தம் தெரியும்லா" என்று கேட்டார்.

"வாய மூடிக்கிட்டு நடங்க" என்றேன்.

நடந்தார். சட்டை நனைந்து எலும்பு தெரிந்தது. பஸ்சில் ஏறி உட்கார்ந்து, அவர் காலை நீட்டிவிட்டு, கோலை வாங்கி என் பக்கத்தில் வைத்த பிறகு சொன்னேன்.

"சிவப்பு ரெண்டாவது. முன்னால போனது வேற ஒருத்தன்."

"வளைவுல விட்டுட்டானா?"

"வளைவுல இல்ல. அதுக்கு முன்னாலயே."

ஈப்போ வரும் வரைக்கும் அவர் அதைப் பற்றியே பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.